அதிமானுடர் கதைகளும் அவற்றின் அபிமானிகளும்

இலக்கியப் பகுதியொன்றின் ஆசிரியவுரையில் சுப்பர்மானுக்கும் ஸ்பைடர்மானுக்கும் என்ன வேலை என்று வாசகர் சிலர் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. ஆயினும், நம் மாணவருட் பலர் இவ்வீரர்களின் கதைகளில் ஆழ்ந்த ஈடுபாடு கொண்டவர்கள் என்பதை மறுப்பதற்கில்லை. இதனைக் காணும் ஆசிரியர்கள் இரண்டில் ஒன்றைச் செய்கின்றனர். ஒன்று, கண்டிக்கின்றனர், அன்றேல், காணாதவர் போல இருந்துவிடுகின்றனர். இவ்விரண்டாலும் வாசகனுக்குப் பயன் யாதுமில்லை. ஒரு வகைக் கதையில் ஒருவனுக்கு மெய்யான விருப்பம் இருக்குமாயின், அவ்விருப்பத்தை விட்டொழி என்று சொல்வதைக் காட்டிலும், அவ்வகையிலே தலைசிறந்தவை எவை என்று காட்டுவதே அவனை நல்ல வாசகனாக்கும் வழி.

ஆகவே இக்கட்டுரை அதிமானுட வீரர் கதைகளை ஏற்கெனவே விரும்புவோர்க்காக எழுதப்படுகிறது. வெறுப்போரை மனமாற்றுவது என் நோக்கமன்று. அவர்களும் உடனிருந்து கேட்டால் மகிழ்வேன். இவ்வகையின் அபிமானிகளுட் பெரும்பாலோர் இன்று அதனைத் திரைப்படமாகவே அறிவர். பறத்தலும் மோதுதலும் நகரம் இடிதலும் திரையில் கண்ணைப் பறிப்பன. எழுத்திலும் சித்திரக் கதையிலும் அவ்வகை எய்திய உயரத்தை அவர்கள் அறியாதிருப்பது இழப்பென்றே கருதுகிறேன்.

நான் பரிந்துரைக்கப்போகும் நூல்கள் அனைத்தையும் ஓர் உரைகல்லில் உரைத்தே தெரிந்தெடுத்தேன். வல்லமை எவ்வளவு பெரிது என்று வியப்பதோடு நின்றுவிடும் கதை சாதாரணமானது. அவ்வல்லமைக்கு விலை கொடுப்பவர் யார் என்று கேட்கும் கதையே நிலைத்து நிற்பது. நம்முடைய புராணங்களும் இக்கேள்வியை அறிந்திருந்தன. வரம் பெற்றவனின் கதை எப்போதும் வரத்தோடு முடிந்துவிடுவதில்லை. பஸ்மாசுரனின் கை இறுதியில் அவன் தலைக்கே வந்தது. வள்ளுவரும் வலியறிதலுக்கு ஓர் அதிகாரத்தையே வகுத்தார். அமெரிக்க நகரங்களிலே பிறந்த ஒரு புதிய கதை வகை இந்தப் பழைய கேள்வியை எவ்வாறு எதிர்கொண்டது என்பதே நாம் காண வேண்டியது.

தொடக்கத்திலிருந்தே வருவோம். 1930ஆம் ஆண்டில் பிலிப் வைலி என்னும் அமெரிக்க எழுத்தாளர் ‘கிளாடியேட்டர்’ என்ற நாவலை வெளியிட்டார். அதன் நாயகன் ஹியூகோ டானர். உயிரியற் பேராசிரியரான தந்தை, அவன் கருவிலிருக்கும்போதே தாயின் உடலில் ஒரு மருந்தைச் செலுத்துகிறார். அதன் பயனாகப் பிறந்த குழந்தை எவரும் கண்டிராத உடல் வலிமையுடன் வளர்கிறது. பிற்காலத்துக் கதையாயின் அவன் முகமூடியணிந்து ஊரைக் காக்கப் புறப்பட்டிருப்பான். வைலியின் நாயகனுக்கோ செய்வதற்கு ஏற்ற வேலையே கிடைப்பதில்லை. கல்லூரியிலே பந்தாடப் போகிறான். அவன் வலிமை ஓர் ஆட்டக்காரனின் உயிரைக் குடிக்கிறது. முதலாம் உலகப் போரில் பிரான்சின் படையிற் சேர்ந்து போரிடுகிறான். தனி மனிதனின் ஆற்றல் அம்மாபெரும் அழிவின் முன் அற்பமாகிறது. வங்கிப் பெட்டகத்துள் அகப்பட்டு மூச்சுத் திணறும் ஒருவனைக் கதவைப் பெயர்த்து மீட்கிறான். கைம்மாறாகக் கிடைப்பது சந்தேகமே. உலகத்தில் வலிமைக்குக் குறைவில்லை, வலிமையைக் கொண்டு செய்யத்தக்க நற்செயலைக் கண்டறிவதே அரிது என்பதை வைலி அன்றே கண்டுகொண்டார். நடையிலே ஆங்காங்கு கரடுமுரடு உண்டு. எனினும் இவ்வகையின் அபிமானி எவனும் வாசிக்காமல் விடக்கூடாத நூல் இது.

எட்டு ஆண்டுகள் கழித்து, 1938 ஜூன் மாதத் தேதியிட்ட ‘அக்ஷன் கொமிக்ஸ்’ முதலாம் இதழில் சுப்பர்மான் தோன்றினான். அவனைப் படைத்தவர்கள் ஜெரி சீகல், ஜோ ஷுஸ்டர் என்னும் இரு இளைஞர்கள். இருவரும் கிளீவ்லன்ட் நகரத்தில் ஒரே பாடசாலையிற் படித்த நண்பர்கள். குடியேறிய யூதக் குடும்பங்களின் பிள்ளைகள். இதில் குறிப்பிடத்தக்க செய்தியொன்றுண்டு. 1933இல் இவர்கள் தாமே வெளியிட்ட சிறு சஞ்சிகையில் ‘சுப்பர்மான்’ என்ற பெயரை முதன்முதலாகப் பயன்படுத்தியபோது அப்பெயர் ஒரு கொடியவனுக்கே சூட்டப்பட்டது. பிறர் மனத்தை அறியவும் ஆளவும் வல்லவனாகிய அவன் உலகை அடக்கியாள முற்படுகிறான். மேலான மனிதன் என்றதும் அவ்விளைஞர்களின் உள்ளத்தில் முதலில் எழுந்தது அச்சமே. அவ்வச்சத்தைப் புரட்டிப்போட்டு நம்பிக்கையாக்கியதே அவர்களின் பிற்காலச் சாதனை.

ஆதிச் சுப்பர்மானை இன்றைய அபிமானிகள் தேடிப் படிக்க வேண்டும். அவனுக்குப் பறக்கத் தெரியாது. ஒரு மைலின் எட்டிலொரு பங்கு தூரம் தாவுவான், அவ்வளவே. வேற்றுக் கிரகத்து எதிரிகளும் அவனுக்கு அப்போதில்லை. மனைவியை அடிக்கும் கணவனையும், பாதுகாப்பற்ற சுரங்கத்திலே தொழிலாளரை இறக்கும் முதலாளியையும் அவன் எதிர்க்கிறான். 1939 ஜனவரித் தேதியிட்ட இதழில், குற்றத்தை வளர்க்கும் சேரி வீடுகளைத் தன் கையாலேயே இடித்துத் தள்ளி, அவ்விடத்தில் அரசாங்கம் நல்ல வீடுகளைக் கட்ட வேண்டிய நிலையை உண்டாக்குகிறான். வேலையின்மையும் வறுமையும் தலைவிரித்தாடிய அமெரிக்காவின் குரல் அது. சித்திரம் எளியது, வசனம் எளியது. கோபம் மாத்திரம் மெய்யானது. சமுதாய நோக்கு என்பதைப் பற்றி நிறையப் பேசும் நம்முடைய இலக்கிய வட்டங்கள் இக்கதைகளை ஒருமுறை புரட்டிப் பார்ப்பதால் குறைந்துவிட மாட்டா.

இந்தச் சிருஷ்டிகர்த்தாக்களுக்கு நேர்ந்தது என்ன? முதற்கதையின் பதின்மூன்று பக்கங்களுக்கு அவர்கள் பெற்ற தொகை 130 டொலர். அத்தொகையோடு சுப்பர்மானின் உரிமை முழுவதும் பதிப்பாளர் கைக்குச் சென்றுவிட்டது. உலகத்தின் மிக வலிய மனிதனைக் கற்பனை செய்தவர்கள் ஓர் ஒப்பந்தத் தாளின் முன் வலியிழந்து நின்றனர். பல்லாண்டு வழக்குகளுக்கும் வறுமைக்கும் பின்னர், 1975 டிசம்பரில், பொதுமக்கள் அபிப்பிராயத்தின் நெருக்குதலால், ஆண்டுக்கு 20,000 டொலர் வீதம் இருவருக்கும் உதவித்தொகை வழங்கவும், அவர்கள் பெயரைக் கதைகளில் மீண்டும் பொறிக்கவும் நிறுவனம் இணங்கியது.

இவ்வரலாற்றின் நிழலிலே எழுந்ததுதான் மைக்கல் ஷேபன் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘தி அமேஸிங் அட்வென்ச்சர்ஸ் ஒஃப் கவலியர் அண்ட் கிளே’ என்னும் பெருநாவல். 2001இல் புலிட்சர் பரிசு பெற்றது. நாஜிகளின் பிடியிலிருந்த பிராக் நகரத்திலிருந்து தப்பி நியூயோர்க் வந்து சேரும் ஜோ கவலியர் என்ற இளைஞனும், அவனுடைய மைத்துனன் சாம் கிளேயும் சேர்ந்து ஒரு சித்திரக் கதை வீரனைப் படைக்கின்றனர். தளைகளை அறுத்துப் பிறரை விடுவிப்பதே அவ்வீரனின் தொழில். ஜோ இரவு பகலாக வரைகிறான். அவன் வரையும் வீரன் ஹிட்லரின் படைகளைப் பந்தாடுகிறான். ஜோவின் தாயும் தம்பியுமோ இன்னும் பிராக்கிலேதான் இருக்கின்றனர். படத்தில் விழும் ஒவ்வொரு குத்தும் நிஜத்தில் எவரையும் விடுவிப்பதில்லை என்பதை அறிந்துகொண்டே அவன் மறுபக்கத்தை வரையத் தொடங்குகிறான். கற்பனையால் ஆவது என்ன, ஆகாதது என்ன என்ற வினாவை இத்துணைப் பரிவோடு எழுப்பிய நாவல்கள் சிலவே. இது கற்பனை மட்டுமன்று. ஜோ சைமன், ஜக் கேர்பி என்னும் யூத இளைஞர் இருவர் படைத்த ‘கப்டன் அமெரிக்கா’ முதல் இதழின் அட்டையிலே வீரன் ஹிட்லரின் முகத்தில் குத்துகிறான். அவ்விதழின் தேதி 1941 மார்ச். அமெரிக்கா போரில் இறங்கியது அவ்வாண்டு டிசம்பரில்தான்.

ஆசிரியர்களுக்கு இங்கே ஒரு வார்த்தை. இத்தகைய கதைகள் பிள்ளைகளைக் கெடுக்கும் என்ற குற்றச்சாட்டு பழையது. 1954இல் பிரெட்ரிக் வெர்தம் என்ற மனோவைத்தியர் ‘செடக்ஷன் ஒஃப் தி இன்னசன்ட்’ என்னும் நூலை வெளியிட்டார். சித்திரக் கதைகளே சிறுவர் குற்றங்களுக்குக் காரணம் என்பது அவர் வாதம். அவ்வாண்டிலேயே அமெரிக்க செனட் சபையின் உபகுழு விசாரணை நடத்தியது. பதிப்பாளர்கள் அஞ்சித் தமக்குத் தாமே ஒரு கடுமையான தணிக்கை விதியை வகுத்துக்கொண்டனர். அவ்விதி பிடி தளர்ந்து முற்றாக மறைந்தது 2011இலேதான். வெர்தம் தீயவரல்லர். நியூயோர்க்கின் ஹார்லம் பகுதியிலே ஏழைக் கறுப்பின மக்களுக்காகக் குறைந்த கட்டணத்தில் மனநல வைத்தியம் செய்த நல்லவர். ஆயினும், 2010இல் அவருடைய ஆவணங்கள் ஆய்வாளர்க்குத் திறக்கப்பட்டபின், கரல் டில்லி என்ற பேராசிரியை அவற்றை நூலோடு ஒப்பிட்டு 2012இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். சிறுவர்களின் வாக்குமூலங்களை வெர்தம் திரித்தும், பலர் சொன்னதை ஒருவர் சொன்னதாக இணைத்தும், வேறு காரணங்களை மறைத்தும் எழுதியிருந்தார் என்பதை அக்கட்டுரை காட்டியது. நல்ல நோக்கம் தவறான சான்றை நேராக்கிவிடாது. தடை விதிக்குமுன் வாசித்துப் பார்ப்பதே ஆசிரியனுக்கு அழகு.

அத்தணிக்கைக் காலத்தின் நடுவிலேயே ஒரு சிறந்த கதையும் பிறந்தது. 1962 ஒகஸ்ட் தேதியிட்ட ‘அமேஸிங் ஃபான்டஸி’ பதினைந்தாம் இதழில் ஸ்டான் லீயும் ஸ்டீவ் டிட்கோவும் ஸ்பைடர்மானை அறிமுகப்படுத்தினர். பதினொரு பக்கமே கொண்ட கதை. பீட்டர் பார்க்கர் என்ற மாணவனுக்கு அரிய ஆற்றல் வாய்க்கிறது. அதனைக் கொண்டு பணமும் புகழும் தேட முனைகிறான். தன் எதிரே ஓடிவரும் கள்வனைத் தடுக்க அவனால் முடியும். தனக்கென்ன என்று விட்டுவிடுகிறான். அக்கள்வனே பின்னர் அவனை வளர்த்த பெரியப்பனைக் கொன்றவன். ஆற்றலோடு பொறுப்பும் வரும் என்ற பாடத்தைப் பெரியப்பனே சொல்வதாகத் திரைப்படம் பார்த்தோர் நினைப்பர். மூலக்கதையிலோ அதனைச் சொல்வதற்குப் பெரியப்பன் உயிரோடு இல்லை. இறுதிக் கட்டத்தில், தனியே நடந்து செல்லும் சிறுவனின் உருவத்துக்கு மேலே, கதை சொல்பவனின் கூற்றாகவே அது வருகிறது. அறிவுரை காலங்கடந்து வருவதிலேதான் கதையின் துயரம் முழுவதும் தங்கியிருக்கிறது. சிறுகதை எழுதப் பழகும் மாணவர் இவ்வமைப்பைக் கவனித்துப் பார்க்கலாம்.

அதன்பின் இவ்வகை வயதேறத் தொடங்கியது. 1977இல் ரொபர்ட் மேயர் ‘சுப்பர்ஃபோக்ஸ்’ என்ற நாவலை எழுதினார். அதன் வீரன் ஓய்வு பெற்றவன், நடுவயதினன், மனைவி மக்களோடு புறநகரில் வாழ்பவன். பழைய உடுப்பு உடலுக்குச் சேரவில்லை; ஆற்றலும் கைகொடுப்பதில்லை. சிரிக்க வைக்கும் நாவல்தான். எனினும் சிரிப்பின் அடியிலே, இளமையில் உலகை மாற்றப் புறப்பட்டுப் பின் வீட்டு வாசலோடு அடங்கிவிட்ட ஒரு தலைமுறையின் முகம் தெரிகிறது.

1986, 1987ஆம் ஆண்டுகளில் பன்னிரண்டு இதழ்களாக வந்த ‘வொட்ச்மென்’ இவ்வகையின் சிகரம் என்பதை அபிமானிகள் அறிவர். அலன் மூர் எழுதினார்; டேவ் கிப்பன்ஸ் வரைந்தார். 1988இல் ஹியூகோ விருது பெற்றது. முகமூடி வீரர்கள் மெய்யாகவே இருந்திருந்தால் உலகம் எவ்வாறு ஆகியிருக்கும் என்று அது கேட்கிறது. ஒருவனுக்கே மெய்யான அதிமானுட ஆற்றல் உண்டு. காலம் முழுவதையும் ஒருங்கே காணும் அவனுக்கு, மனிதர் வாழ்வதும் மாள்வதும் மெல்ல மெல்ல ஒன்றாகிவிடுகின்றன. மற்றொருவனுக்கு அறிவே ஆற்றல். உலகத்தைக் காக்கத் தகுதியுடையவன் தானே என்று அவன் முடிவு செய்கிறான். காக்கப்படுவோரை ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. அம்முடிவின் விளைவை நான் சொல்லப்போவதில்லை. திரைப்படம் பார்த்து நிறுத்திவிட்டவர்களுக்கு மாத்திரம் ஒன்று சொல்வேன். தெருமுனையிலே பத்திரிகை விற்கும் முதியவனையும், அவன் அருகில் அமர்ந்து இரவலாகச் சித்திரக் கதை படிக்கும் சிறுவனையும் நூலிலே மீண்டும் மீண்டும் காண்பீர்கள். வீரர்களின் முடிவுகளுக்கு விலை கொடுப்போர் அவர்களே. அவ்விருவரையும் நினைவில் வைத்துப் படிப்பவனுக்கே அந்நூல் முழுமையாகத் திறக்கும். கொடுமையும் காமமும் வெளிப்படையாக வரும் நூலாதலால், கீழ் வகுப்பு மாணவர் கையில் இது கொடுக்கத்தக்கதன்று.

உரைநடையிலேயே இருந்துகொள்ள விரும்புவோர்க்கு மூன்று நாவல்கள். முதலாவது, ஒஸ்டின் குரோஸ்மன் 2007இல் எழுதிய ‘சூன் ஐ வில் பி இன்வின்சிபிள்’. உலகை வெல்ல எத்தனை முறை முயன்றாலும் தோற்றுப்போகும் டொக்டர் இம்பொசிபிள் என்ற விஞ்ஞானியும், பாதி உடல் இயந்திரமாக்கப்பட்ட ஃபேட்டல் என்ற பெண்ணும் மாறி மாறிக் கதை சொல்கின்றனர். அறிவிற் சிறந்த ஒருவன் ஏன் கொடியவனாகிறான் என்ற கேள்விக்குப் பாடசாலை நாள்களின் அவமானங்களிலே விடை தேடுகிறது இந்நாவல். மேதையான மாணவன் தனித்து நிற்கும் வகுப்பறையை அறிந்த ஆசிரியர் எவரும் இதன் சில பக்கங்களிலே தயங்கி நிற்பர்.

இரண்டாவது, நட்டலி ஸீனா வோல்ஷொட்ஸ் என்ற கனடிய எழுத்தாளர் 2020இல் வெளியிட்ட ‘ஹென்ச்’. கொடியவர்களின் அலுவலகங்களிலே நாட்கூலிக்குக் கணக்குப் பதியும் அன்னா என்ற பெண்ணே கதாநாயகி. புகழ்பெற்ற வீரனொருவன் ஊரைக் காக்கும் ஆரவாரத்தில் அவளை ஒருபுறம் தள்ளிவிட்டுச் செல்கிறான். அவள் கால் நொறுங்குகிறது, வேலையும் போகிறது. படுக்கையில் கிடந்தபடி அவள் கணக்கெடுக்கத் தொடங்குகிறாள். புயலும் பூமியதிர்ச்சியும் விளைக்கும் இழப்பை மனித ஆயுளின் ஆண்டுகளாகக் கணிக்கும் முறையொன்றை எடுத்து, வீரர்களின் வெற்றிகளுக்கு அதனைப் பொருத்துகிறாள். ஒரு வீரனின் ஒருநாள் வீரத்துக்கு எத்தனை சாமானியரின் எத்தனை ஆண்டுகள் போயின? இக்கட்டுரையின் தொடக்கத்தில் நான் சொன்ன உரைகல்லையே கதையாக்கிய நாவல் இது. அன்னாவின் கணக்கு சரி. அக்கணக்கைக் கொண்டு அவள் செய்யும் செயல்கள் சரிதானா என்பதை வாசகனே தீர்மானிக்க வேண்டும். அந்தச் சங்கடத்திலிருந்து நூலாசிரியை நம்மை விடுவிப்பதில்லை.

மூன்றாவது நமக்கு அண்மையில் நிகழ்வது. இந்திய எழுத்தாளர் சமித் பாசு எழுதிய ‘டேர்பியுலன்ஸ்’. லண்டனிலிருந்து டில்லி வரும் ஒரு விமானத்தின் பயணிகள் அனைவரும் அதிமானுட ஆற்றல் பெற்று இறங்குகின்றனர். ஒவ்வொருவர் நெஞ்சிலும் ஆழப் பதிந்திருந்த ஆசையே அவரவர் ஆற்றலாகிறது. ஒரே வேளையில் பல இடங்களில் இருக்க விரும்பியவள் பலவாகிறாள். எல்லோருக்கும் பிரியமானவளாக விரும்பிய நடிகை அவ்வாறே ஆகிறாள். உலகத்தின் செய்தித் தொடர்புகள் யாவும் வசப்பட்ட அமான் என்ற இளைஞன் இருப்பவரிடமிருந்து எடுத்து இல்லாதவர்க்குக் கொடுக்க முனைகிறான். அந்நற்செயல் அவன் எண்ணியிராத விளைவுகளையும் கூட்டிவருகிறது. ஆற்றல் பெற்றவர்கள் ஆசியரானால் கதை எப்படி நடக்கும் என்று பார்க்க விரும்புவோர் இங்கிருந்து தொடங்கலாம்.

இளையோர்க்கு, குறிப்பாகப் பாடசாலை நூலகங்களுக்கு, நான் தயங்காமற் சொல்லக்கூடிய நூல் ஜீன் லுவென் யாங் எழுதிய ‘சுப்பர்மான் ஸ்மாஷஸ் த கிளான்’. 1946இல் அமெரிக்க வானொலியில் ஒலிபரப்பான சுப்பர்மான் தொடர்நாடகம் ஒன்று, கூ குளுக்ஸ் கிளான் என்ற நிறவெறிக் கூட்டத்தை மனத்திற்கொண்டு, அத்தகைய ஒரு கூட்டத்தைப் பகையாக வைத்து நடந்தது. அதனைத் தழுவி 2019இல் யாங் இக்கதையைப் புதிதாக எழுதினார். நகரத்தின் புதிய பகுதியொன்றில் குடியேறும் சீனக் குடும்பத்தின் சிறுமி ரொபேர்ட்டா, அயலார் வெறுப்பை எதிர்கொள்கிறாள். அதே வேளையில் சுப்பர்மானும் தான் வேற்று உலகத்தவன் என்பது வெளிப்படுமோ என்று அஞ்சித் தன் ஆற்றலிற் பாதியை மறைத்து வாழ்கிறான். இருவருடைய அச்சமும் ஒன்றே. அதனை முதலிற் கண்டறிபவள் அச்சிறுமி. சிறுபான்மையினராக வாழ்ந்த அநுபவமுடைய எந்த நாட்டு வாசகனுக்கும் இதற்கு உரை தேவையில்லை.

தமிழ் வாசகருக்கும் இவ்வகைக்கும் உள்ள உறவு புதியதன்று. 1970களில் சிவகாசியிலிருந்து வந்த முத்து காமிக்ஸ் வழியாக இரும்புக்கை மாயாவியை அறிந்த தலைமுறையொன்று உண்டு. அதன் மூலம் 1962இல் பிரித்தானியாவின் ‘வலியன்ட்’ சஞ்சிகையில் தொடங்கிய ‘தி ஸ்டீல் குளோ’. வரைந்தவர் ஹெசூஸ் பிளாஸ்கோ என்னும் ஸ்பானிய ஓவியர். விபத்தில் வலது கையை இழந்து இரும்புக்கை பெற்றவனான லூயிஸ் கிராண்டல், மின்சாரம் பாய்ந்ததும் உருவம் மறைகிறான். இரும்புக்கை மாத்திரம் அந்தரத்தில் தெரிகிறது. முதற்கதையிலே அவன் வீரனல்லன், குற்றவாளி. தான் பெற்ற ஆற்றலைத் தீமைக்குப் பயன்படுத்தியவன் பின்னரே நல்வழிப்படுகிறான். ஒவ்வொரு முறையும் ஆற்றலைப் பெற அவன் உடல் மின்னதிர்ச்சியைத் தாங்க வேண்டும். மறைய முடிந்தவனுக்கும் மறைக்க முடியாத ஒரு கை! வல்லமைக்கு விலையும் எல்லையும் உண்டென்பதைப் பாமரரும் உணரும்படி சொன்ன படிமம் அது. இளமையில் அதனை விரும்பிப் படித்தவர்கள் இன்று அதற்காக வெட்கப்பட வேண்டியதில்லை.

இனி ஒரு மறுப்புக்கு விடை கூற வேண்டும். அதிமானுடர் கதை மக்களைச் செயலற்றவர்களாக்குகிறது என்பர் சிலர். யாரோ ஒரு மீட்பன் வானத்திலிருந்து இறங்கி வருவான் என்று காத்திருக்கப் பழக்குகிறது என்பர். இதனை எளிதாகத் தள்ளிவிட முடியாது. வலிய ஒருவன் வந்து எல்லாவற்றையும் ஒரே நாளில் நேராக்கிவிட வேண்டும் என்ற ஏக்கம் கதைப் புத்தகங்களோடு நின்றுவிடுவதில்லை. அரசியல் மேடைகளிலும் அது அடிக்கடி உலவுகிறது. அதனால் நாடுகள் அடைந்த துன்பம் சிறிதன்று. ஆயினும் அவ்வேக்கத்தை உண்டாக்கியவை இக்கதைகள் அல்ல. அது மனித நெஞ்சத்திலே மிகப் பழைய காலந்தொட்டு இருந்துவருவது. கேள்வி இதுவே: அதற்கு வெறும் தீனி போடும் கதை வேண்டுமா, அதனை விசாரித்துப் பார்க்கும் கதை வேண்டுமா? மலிவான படைப்பு முதலாவதைச் செய்கிறது. நான் மேலே குறிப்பிட்டவை இரண்டாவதைச் செய்கின்றன. மீட்பனை நம்பி ஏமாறாதே என்று மேடையில் நின்று உபதேசிப்பதைக் காட்டிலும், ‘வொட்ச்மென்’ படித்து முடித்த ஒரு மாணவன் தானாகவே அம்முடிவுக்கு வருவது உறுதியானதன்றோ?

எவ்வரிசையிற் படிப்பது? திரைப்பட அபிமானிகள் முதலில் யாங்கின் நூலையும், ஸ்பைடர்மானின் அந்தப் பதினொரு பக்கங்களையும் படிக்கட்டும். அடுத்து சமித் பாசுவுக்கும் குரோஸ்மனுக்கும் வரலாம். ‘வொட்ச்மென்’னும் ‘ஹென்ச்’சும் ஒன்றன்பின் ஒன்றாகப் படிக்கத்தக்கவை, முன்னது மேலிருந்தும் பின்னது கீழிருந்தும் ஒரே உலகத்தைப் பார்க்கின்றன. வரலாற்றில் நாட்டமுடையோர் வைலியின் நாவலிலிருந்து ஆதிச் சுப்பர்மானுக்கு வந்து, ‘சுப்பர்ஃபோக்ஸ்’ஐத் தொட்டு, ஷேபனின் பெருநாவலில் முடிக்கலாம். எல்லாம் ஆங்கிலத்தில் எழுதப்பட்டவை. நடை பெரும்பாலும் எளிது. ஷேபன் மாத்திரம் அகராதியைக் கையில் எடுக்கச் செய்வார்.

இலக்கிய வட்டங்களுக்கு ஒரு வேண்டுகோளும் உண்டு. மாதந்தோறும் நீங்கள் நடத்தும் கூட்டங்களில் ஒன்றை இவ்வகைக்கு ஒதுக்குங்கள். பேச்சாளராக ஒரு விமரிசகரை அழைப்பதற்குப் பதிலாக, இக்கதைகளை விரும்பிப் படிக்கும் இரண்டு மாணவர்களைப் பேசச் சொல்லுங்கள். எந்த வீரன் வலியவன் என்று அவர்கள் தொடங்கினால் தடுக்க வேண்டாம். அவர்கள் பேசி முடித்தபின் ஒரு கேள்வியை மாத்திரம் கேளுங்கள்: அவன் வென்ற அந்நாளில் இடிந்து விழுந்த வீடு யாருடையது? அதற்கு விடை தேடப் புறப்படும் மாணவன், தான் விரும்பிய கதையைக் கைவிடாமலே இலக்கியத்தின் வாசலுக்குள் நுழைந்துவிட்டான்.